வீட்டுக் கொல்லையில் நான்கைந்து நாட்டுக்கோழி வளர்க்க எங்கிருந்து தொடங்குவது?

வீட்டுக்குப் பின்னால் 3 சென்ட் இடம் இருக்கிறது, நான்கைந்து நாட்டுக்கோழி வளர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. தாராளமாக வளர்க்கலாம். சிவகங்கைப் பக்கம் 40 வருடம் நெல்லும் கடலையும் போட்டவன் நான். முட்டி தேய்ந்ததும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டேன், கோழிகளை மட்டும் விட மனம் வரவில்லை.

முதலிலேயே குஞ்சு வாங்காதீர்கள். முட்டையிடத் தொடங்கும் பருவத்து இளம் பெட்டையான விடைக்கோழி மூன்றும் ஒரு சேவலும் போதும். ஒரு கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டபின் இடத்தை விட்டு எழாமல், கை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். அதுதான் அடைக்கு வந்த கோழி. அகலமான கூடையில் மணலைப் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, பத்து முட்டை வையுங்கள். இடி இடித்தால் கூமுட்டையாகிவிடும் என்று என் தாயார் கூடைக்குள் இரும்புத் துண்டும் கரித்துண்டும் போடுவார். நானும் போடுகிறேன். ஆனால் நான் பார்த்தவரை கெட்டுப்போவது பழைய முட்டைதான். ஒரு வாரத்தைத் தாண்டிய முட்டையை அடைக்கு வைக்காதீர்கள். ஏழாம் நாள் இரவு டார்ச் விளக்கில் பிடித்துப் பாருங்கள். உள்ளே சிவப்பு நரம்புகள் சிலந்தி வலைபோல் ஓடினால் உயிர் இருக்கிறது. 21ஆம் நாள் குஞ்சு வெளியே வந்துவிடும்.

குஞ்சுகளுக்குக் குருணையோடு கரையானும் கொடுங்கள். பழைய பானையில் காய்ந்த சாணமும் கிழிந்த சாக்கும் திணித்து, கொஞ்சம் நீர் தெளித்து, மாலையில் கரையான் உள்ள மண்ணில் கவிழ்த்து வையுங்கள். காலையில் வெயில் ஏறுமுன் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கரையான் மண்ணுக்குள் இறங்கிவிடும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் தடுப்பூசி. ஒரு சித்திரையில் காலையில் கோழிகளை மூடிவைக்கும் பஞ்சாரக் கூடையைத் தூக்கினேன். என் மூத்த பெட்டைக்குக் கழுத்து முதுகுப் பக்கம் திருகியிருந்தது. தின்னக் கம்பு மணிகளைப் போட்டேன். குறிபார்த்துக் கொத்தியது, ஒவ்வொரு முறையும் மணிக்குப் பக்கத்துத் தரையில்தான் அலகு விழுந்தது. வெள்ளைக் கழிச்சல் நோய். எட்டே நாளில் 26 கோழிகள் போயின. மிளகு, மஞ்சள், கீழாநெல்லி எல்லாம் அரைத்து ஊட்டினேன், ஒன்றும் நிற்கவில்லை. வந்தபின் காப்பாற்றுவது அரிது தம்பி, வருமுன் தடுக்கத்தான் முடியும்.

இந்த நோய்க்குக் குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கைத் தோலுக்கடியில் ஊசி. அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பிப்ரவரியில் இலவச முகாமும் நடத்துவார்கள். மருந்தை ஐஸ் வைத்துத்தான் எடுத்துவர வேண்டும், சூடு பட்டால் வீண்.

இருட்டுவதற்குள் எண்ணிப் பார்த்து அடைத்துவிடுங்கள். கீரியும் மரநாயும் ஒரு விரல் இடுக்கு கிடைத்தாலும் விடாமல் தோண்டும். மழைக்காலம் கழியட்டும், தை பிறந்ததும் கோழி வாங்குங்கள்.