மில் சங்கும் பேரனின் கைபேசியும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். பிறந்து வளர்ந்தது புதுச்சேரி முதலியார்பேட்டையில். என் தந்தை ரோடியர் மில்லில் தறி ஓட்டினார். சங்கு ஊதினால் கிளம்புவார், சங்கு ஊதினால் திரும்புவார். என் மகள் வயிற்றுப் பேரன் இப்போது அதே ஊரில் பைக்கில் உணவு டெலிவரி செய்கிறான். வீடு வந்து சேர நள்ளிரவு ஆகிறது. கேட்டால், “எனக்கு முதலாளி கிடையாது தாத்தா, நினைத்தபோது வேலை, நினைத்தபோது ஓய்வு” என்கிறான். அப்படியானால் என் தந்தை அடிமை, இவன் சுதந்திரமானவனா?

கே. எஸ்., கடலூர்

அன்புள்ள கே. எஸ்.,

பேரன் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். காலையில் மேஸ்திரி முகத்தில் விழிக்க வேண்டியதில்லை என்பது சின்ன விஷயமல்ல. மில் சங்கை இன்று உருகி உருகிப் பேசுபவர்களில் பலர் அந்தப் பஞ்சுத் தூசிக்குள் ஒரு நாளும் நின்றதில்லை.

ஆனால் சங்கு ஊருக்கே கேட்டது. ஷிப்ட் எப்போது முடிகிறது என்பது உலை வைப்பவருக்கும் தெரியும், டீக்கடைக்காரருக்கும் தெரியும். முதலாளி கூடுதலாகப் பிடித்து நிறுத்தினால் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் வயிறு எரியும். எட்டு மணி நேர வேலை கேட்டு அவர்களால் ஒன்றாக நிற்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தில், 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். மறு ஆண்டு பிரெஞ்சு அரசின் ஆணை வந்து, எட்டு மணி நேர வேலை சட்டமானது. உங்கள் தந்தை சங்கு ஊதியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு திரும்பியது அந்தப் பன்னிரண்டு பேர் தயவில்தான்.

பேரனின் கைபேசி அவனுக்கு மட்டும் ஒலிக்கிறது. அவன் எத்தனை மணி நேரம் லாக்-இன் செய்திருந்தான் என்பது பக்கத்தில் நிற்கும் டெலிவரிப் பையனுக்குத் தெரியாது. இவனுக்கு இன்சென்டிவ் கிடைக்க இன்னும் இரண்டு ஆர்டர் வேண்டும், அவனுக்கு நான்கு வேண்டும். இதில் எதை முன்வைத்து ஒன்றாகக் கேட்பது?

கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. ரயில்வே கேட் மூடியிருக்கும் நேரத்தில் நின்று பாருங்கள். ரோடியர் மில்தான் ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) என்பது உங்களுக்குத் தெரியும். 2020-இல் அந்த மில்லை நிரந்தரமாக மூடிவிட்டார்கள். கேட்டின் முன்வரிசையில் முதுகில் பெட்டியோடு நான்கைந்து பைக்குகள் நிற்கும். ஹேண்டில்பாரில் மாட்டிய கைபேசியில் நிமிடங்கள் குறைந்துகொண்டே வரும். ஒரு பையன் ஹெல்மெட்டைக் கழற்றி, “கேட் போட்டிருக்கிறார்கள் சார், ஐந்து நிமிடம்” என்று கெஞ்சுவான். விழுப்புரம் பாசஞ்சர் தாமதமாக வந்தால், திட்டு அவனுக்கு.

இன்னொன்று, வண்டி. உங்கள் தந்தையின் சைக்கிள் அவரை மில் வாசலில் இறக்கிவிட்டதோடு சரி. தறி முதலாளியுடையது, பழுதானால் செலவு முதலாளிக்கு. பேரனுக்கு வண்டிதான் தறி. அதன் தவணை, டயர், பஞ்சர், பெட்ரோல் எல்லாம் அவன் தலையில். (புதுச்சேரியில் பெட்ரோல் மலிவு. உங்கள் கடலூர்க்காரர்கள் எல்லையில் உள்ள கன்னியக்கோயில் வரை வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு போகிறார்களே, அந்தச் சலுகை ஒன்றுதான் அவனுக்கு மிச்சம்.) 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இவனைப் போன்றவர்களைத் தொழிலாளர்களாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, நலத்திட்டங்களுக்கும் வழி வைக்கிறது. ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் என்று எங்கும் சொல்லவில்லை.

ஆகவே முதலாளி இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கண்ணில் படாத முதலாளி இருக்கிறார், அவ்வளவுதான்.

அவனிடம் வாதாடாதீர்கள், கோபித்துக்கொள்வான். ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஒரு மாதம் மட்டும் கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், ஓட்டிய கிலோமீட்டர், பெட்ரோல், கைக்கு வந்த பணம் ஆகியவற்றை எழுதட்டும். ஓட்டல் வாசலிலும் ரயில்வே கேட்டிலும் காத்திருந்த நேரத்தையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். கூட ஓட்டுகிற இரண்டு பேரையும் எழுத வைத்தால் இன்னும் நல்லது. மூன்று நோட்டுகளையும் அவர்களே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.