ஊர்க் கட்டுப்பாடும் உங்கள் படகும்

கேள்வி: நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு மீனவக் கிராமம் எங்களுடையது. மாமனார் இறந்த பிறகு ஃபைபர் படகையும் மனையையும் பங்கு பிரிப்பதில் என் கணவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் தகராறு. ஊர்ப் பஞ்சாயத்தில் சொன்ன முடிவை ஏற்க முடியாமல் என் கணவர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். ஊரை மீறியதற்கு 50,000 ரூபாய் தெண்டம் கட்ட வேண்டும், வழக்கையும் வாபஸ் வாங்க வேண்டும் என்றார்கள். மறுத்துவிட்டோம். நான்கு மாதமாக ஊர்க் கட்டுப்பாடு. எங்கள் படகில் தொழிலுக்கு யாரும் வருவதில்லை. மீனை ஏலம் எடுப்பதில்லை. கடையில் சாமான் தருவதில்லை. எங்களோடு பேசினால் 5,000 ரூபாய் அபராதமாம். என் மகளோடு பள்ளியில் பிள்ளைகள் பேசுவதில்லை. சுனாமியின்போது நான் சிறுமி. அன்று எங்களைத் தாங்கியது இதே பஞ்சாயத்துதான். அதன்மேல் புகார் கொடுப்பது நன்றி கெட்ட செயலா? அரசே சட்டம் போட்டு ஊர்ப் பஞ்சாயத்தை அங்கீகரித்து, விதிமுறை வகுத்துவிட்டால் நல்லதுதானே?
— பெயர், ஊர் வெளியிட வேண்டாம்.

பதில்: அன்புச் சகோதரி,

உங்கள் மகளைப் பற்றி எழுதியிருந்த வரியில்தான் வெகுநேரம் நின்றேன். பெரியவர்களின் மனைத் தகராறுக்கு ஒரு குழந்தை தண்டனை அனுபவிக்கிறது. இதற்கு நியாயம் என்று பெயர் வைக்க என்னால் முடியாது. நாளைக்கே தலைமையாசிரியரைப் பாருங்கள். பள்ளிக்குள் ஊர்க் கட்டுப்பாடு செல்லாது என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது அவர் கடமை.

நன்றியைப் பற்றிக் கேட்டீர்கள். 2004 டிசம்பருக்குப் பிறகு அந்தக் கரையோரத்தில் நிவாரணத்தை வீடு வீடாகக் கொண்டுசேர்த்ததில் ஊர்ப் பஞ்சாயத்துகளுக்குப் பெரிய பங்கு உண்டு. எந்த வலை போடலாம், எந்த நாளில் தொழிலுக்குப் போகக்கூடாது, காணாமல் போன படகைத் தேட யார் போவது என்று இன்றும் முடிவெடுப்பவர்கள் அவர்கள்தான். இதையெல்லாம் நான் மதிக்கிறேன். ஆனால் அதே நிவாரணத்தில் விதவைகளும் தனித்து வாழ்ந்த பெண்களும் விடுபட்டுப் போனார்கள் என்ற குறையும் அன்றே எழுந்தது. ஊர்வரி கட்டும் ஆண்தான் ஊரின் கணக்கில் ஆள் என்பதால் வந்த குறை அது. உங்கள் வீட்டின் தலைவிதியைத் தீர்மானித்த கூட்டத்தில் உங்களுக்கு உட்கார இடம் இருந்ததா? தேர்தலில் தேர்ந்தெடுக்கப்படும் ஊராட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு பாய்கூட இல்லை.

ஆகவே நன்றி இருக்கட்டும். அந்த நன்றிக்காக வழக்கைக் கைவிட வேண்டியதில்லை.

உங்கள் கடைசிக் கேள்வி பெரியது. மரபு வழக்கப்படி தீர்ப்புச் சொல்லும் மன்றங்களை நம் அரசியலமைப்பு எங்கும் ஏற்கவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆறாவது அட்டவணையின் கீழ் வரும் வடகிழக்கு மலைப்பகுதிகளில் பழங்குடியினர் தங்களுக்குள் வரும் வழக்குகளைக் கிராம மன்றங்களில் தீர்த்துக்கொள்ளலாம். நாகாலாந்தின் மரபுச் சட்டத்துக்கு 371ஏ பிரிவு தனிப் பாதுகாப்பு தருகிறது. ஆறாவது அட்டவணைப் பகுதிகளிலும்கூட மரண தண்டனை போன்ற கடும் தண்டனைக்குரிய குற்றங்களை ஆளுநர் தனியாக அதிகாரம் தந்தால்தான் அந்த மன்றங்கள் விசாரிக்க முடியும். அது அந்த மக்களின் வரலாற்றுக்காகச் செய்த ஏற்பாடு. நம் கடற்கரையில் சாதிவாரியாகக் கூடும் பஞ்சாயத்துக்கு நீதிமன்ற அந்தஸ்து கொடுத்தால், இன்று உங்களை ஒதுக்குகிறவர்களின் கையில் அரசு முத்திரையும் சேர்ந்துவிடும். நான் அதை எதிர்க்கிறேன்.

ஊர்ப் பெரியவர்கள் பேசட்டும், சமரசம் செய்யட்டும். அவர்கள் சொன்னதற்கு ‘முடியாது’ என்று சொல்லிவிட்டு நீங்கள் நிம்மதியாக வீடு திரும்ப முடிந்தால் அது மத்தியஸ்தம். முடியாவிட்டால் அது கட்டப்பஞ்சாயத்து. 2011இல் உச்ச நீதிமன்றம் கட்டப்பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டவிரோதமானவை என்றும், ஈவிரக்கமின்றி ஒழிக்கப்பட வேண்டியவை என்றும் சொன்னது. அந்த வழக்கு நம் தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். நமக்கு வேண்டிய சட்டம் மகாராஷ்டிரம் 2016இல் இயற்றியதைப் போன்றது. அது பஞ்சாயத்துக்கு அங்கீகாரம் கொடுக்கவில்லை. ஊர்விலக்கத்தைக் குற்றமாக்கி, மூன்று ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் என்று வைத்தது. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் அந்தப் பிரிவுகளைச் சேராதவர்கள் ஒதுக்கினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். சொந்தச் சமூகத்தாரே ஒதுக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கதவு திறக்காது. இந்த இடைவெளியை அடைக்காமல் இருப்பது பெரிய குறை.

அதற்காகக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தெண்டத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். மிரட்டிப் பணம் கேட்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆவது பிரிவில் குற்றம், மிரட்டல் 351இல் குற்றம். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்: எந்தக் கடை சாமான் தர மறுத்தது, ஏலத்தில் யார் என்ன சொன்னார், ஒலிபெருக்கியில் என்ன அறிவித்தார்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள். வழக்குப் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. வட்டச் சட்டப்பணிகள் குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். புகாரை உங்கள் பெயரிலேயே கொடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். புகார் போனதும் வட்டாட்சியர் அலுவலகத்தில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’க்குக் கூப்பிடுவார்கள். ஊர்ப் பஞ்சாயத்தின் அதே நாட்டார்கள் (தலைவர்கள்) எதிரே உட்கார்ந்திருப்பார்கள். ‘ஊரோடு ஒத்துப் போம்மா’ என்று அதிகாரியே சொல்லக்கூடும். போங்கள், பேசுங்கள். ஆனால் வழக்கை வாபஸ் பெறுவதாகவோ தெண்டம் கட்டுவதாகவோ எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். படகு இறங்குவதையும் ஏலத்தையும் கடையையும் யாரும் தடுக்க மாட்டார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அண்ணன் தம்பி தகராறு தனி. அதில் சமரசம் ஆவதை நானும் விரும்புகிறேன். வழக்கை மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பும்படி கேட்கலாம். இருவரும் சம்மதித்தால்தான் அங்கே முடிவு, ஆனால் முடிந்தால் அது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். உங்கள் மைத்துனர் நம்பும் ஊர்ப் பெரியவர் ஒருவரை உடன் அழைத்து வந்தாலும் தடுக்காதீர்கள்.

அதுவரை வாய்தா நாள் ஒவ்வொன்றிலும் உங்கள் கணவரோ அவருடைய வக்கீலோ நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். இருவருமே போகாவிட்டால் வழக்கு தள்ளுபடியாகிவிடும். ஊரார் கேட்டதும் அதைத்தானே.