பூச்சு பூச முன்னம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: களுவாஞ்சிகுடியில் வீடு கட்டுகிறோம். சுவர் எழும்பிவிட்டது, பூச்சு இன்னும் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றைக் கம்பியூட்டருக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். நான் வீட்டிலிருந்தே கணக்கு வேலை செய்கிறேன், மகன் ஏ.எல். படிக்கிறான். வயரிங் செய்யும் தம்பி, "இரண்டு பிளக் பொயின்ட் போதும் அக்கா" என்கிறார். போதுமா ஐயா? இன்டர்நெட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் சுவரிலேயே பொயின்ட் வைக்கலாமா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: போதாது தங்கச்சி. நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். பூச்சு பூசின பிறகு கேட்டிருந்தால் சுவரைத் திரும்ப வெட்டச் சொல்லவேண்டி வந்திருக்கும்.

மேசை எந்தச் சுவரோடு வரும் என்று இன்றைக்கே முடிவெடுங்கள். யன்னல் பக்கவாட்டில் வருகிற சுவராகப் பாருங்கள், திரையில் வெளிச்சம் அடிக்காது. அந்தச் சுவரில் சோக்கட்டியால் மேசையைக் கீறுங்கள்: உயரம் இரண்டரை அடி, நீளம் உங்கள் மேசை எவ்வளவோ அவ்வளவு. பிறகு அதில் என்னென்ன வரும் என்று எண்ணுங்கள். கம்பியூட்டர், மொனிட்டர், ரவுட்டர், பிரின்டர், ஸ்பீக்கர், மேசை விளக்கு, போன் சார்ஜர், மகனுடைய லப்டொப். எட்டு ஆகிவிட்டது. இத்தனையும் சேர்ந்தாலும் இழுக்கிற கரண்ட் கொஞ்சம்தான். சாதாரண கம்பியூட்டரும் மொனிட்டரும் 300 வொட்டுக்குள் நிற்கும். 230 வோல்டில் அது ஒன்றரை ஆம்பியர்கூட இல்லை. தட்டுப்பாடு வரப்போவது துளைகளுக்குத்தான். இரண்டு பொயின்டோடு விட்டால் மல்ட்டி பிளக்குக்கு மேல் மல்ட்டி பிளக் ஏறும். நமது கடற்காற்றில் அதன் பித்தளைத் தகடு பச்சை பிடிக்கும், பிடி தளரும், தளர்ந்த இடம் சூடாகும். கருகின பிளக் ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இந்தக் கதைதான் இருக்கும்.

ஆகவே இரட்டைச் சொக்கெட் நான்கு கேளுங்கள், எல்லாம் 13 ஆம்பியர் சதுரப் பின். அதில் இரண்டை மேசைக்கு மேலே, அரை அடி உயரத்தில் வையுங்கள். போன், லப்டொப் போல அடிக்கடி செருகிக் கழற்றுகிறவற்றுக்கு. மற்ற இரண்டும் மேசைக்குக் கீழே, ஒருமுறை செருகினால் அசையாதவற்றுக்கு. ஆனால் 2011 தை மாத வெள்ளத்தில் வீடுகளுக்குள் தண்ணீர் வந்த பக்கம் உங்கள் வளவு என்றால், கீழ்ப் பொயின்டே வேண்டாம், நான்கையும் மேலே வையுங்கள். வயர் 2.5 சதுர மில்லிமீற்றர், தனி லைன், 20 ஆம்பியர் பிரேக்கர். ஏ.சி. போடுகிற எண்ணம் இருந்தால் அதற்கு வேறு லைன், இதோடு கலக்கவேண்டாம்.

இனி இன்டர்நெட். பைபர் வயர் அநேகமாக முன்விறாந்தைப் பக்கத்தால் உள்ளே வரும், ரவுட்டரும் அங்கேயே இருக்கும். வைபை இருக்கிறதே என்று நினைப்பீர்கள். வேகமான 5 கிகாஹேர்ட்ஸ் அலை, கல்லுச் சுவர் ஒன்றிரண்டைக் கடந்ததும் மெலிந்துவிடும். மகனுக்கு ஒன்லைன் வகுப்பு நடக்கும்போது நீங்களும் பெரிய பைல் ஒன்றை அனுப்பினால் அது தெரியும். முன்விறாந்தையிலிருந்து அறைக்கு 25 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாய் ஒன்று போடச் சொல்லுங்கள். கரண்ட் குழாயிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளிப் போகட்டும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் குறுக்கே வெட்டிப் போகலாம், கூடவே ஓடக்கூடாது. மூலையில் எல்போ வைக்காமல் அகலமான பென்ட் வைக்கவேண்டும். எல்போவுக்குள் கேபிள் திரும்பாது. குழாய்க்குள் நைலோன் நூலொன்றை இழுத்து இரு முனையிலும் கட்டிவிடுங்கள். பத்து வருடம் கழித்துப் புதுக் கேபிள் வந்தாலும் அந்த நூலில் கட்டி இழுக்கலாம். சுவருக்குள் நேரடியாகப் புதைத்த கேபிளை எவராலும் மாற்றமுடியாது. வயரிங் தம்பி வேறு எதில் விட்டுக்கொடுக்கச் சொன்னாலும் கேளுங்கள், இந்தக் குழாயில் மட்டும் விடாதீர்கள்.

அந்தக் குழாய்க்குள் கேட் 6 என்கிற நெட்வொர்க் கேபிள் இரண்டு. ஒன்று கம்பியூட்டருக்கு, மற்றது எதற்கோ தேவைப்படும். கடையில் வாங்கும்போது கம்பி ஒன்றைக் கத்தி நுனியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் அது செம்பு பூசின அலுமினியம், விலை மலிவென்றாலும் வேண்டாம். முழுச் செம்பே வேண்டும். உள்ளே உள்ள கம்பிகளைப் பூட்ட ஏ, பி என்று இரண்டு நிற ஒழுங்கு உண்டு. இரு முனையிலும் ஒன்றே வரவேண்டும், பி முறை என்றால் இரண்டு பக்கமும் பி. கம்பிகள் சோடி சோடியாக முறுக்கியிருக்கும், அந்த முறுக்கை முனையில் அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக்கூடாது. நூறு மீற்றருக்குள் எவ்வளவு தூரமானாலும் வேலை செய்யும், உங்கள் வீட்டில் அந்தக் கவலையே இல்லை.

ஸ்பீக்கர் மேசையிலேயே இருக்கப்போகிறதென்றால் சுவரில் ஓடியோ பொயின்ட் தேவையில்லை. ஹோலில் உள்ள ரி.வி.க்கோ அம்பிளிபயருக்கோ இங்கிருந்து சத்தம் போகவேண்டுமென்றால், 32 மில்லிமீற்றர் வெறுங்குழாய் ஒன்று தனியாகப் போடுங்கள். படத்தையும் சத்தத்தையும் ரி.வி.க்குக் கொண்டுபோகும் எச்.டி.எம்.ஐ. வயரின் தலை தடிப்பம், சின்னக் குழாயின் வளைவில் சிக்கிக்கொள்ளும்.

கேள்வி: வீட்டில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். கம்பியூட்டரைப் பக்கத்து அறை அம்பிளிபயரில் மாட்டியதும் "ஹும்ம்" என்று ஓர் இரைச்சல். பேசாமல் இருக்கும்போதும் நிற்பதில்லை. அம்பிளிபயரில் பிழையா?
– வாசகர், சாய்ந்தமருது

பதில்: பெரும்பாலும் அம்பிளிபயர் நல்லாகத்தான் இருக்கும். லப்டொப் ஒன்றைச் சார்ஜரில் போடாமல் பட்டரியில் ஓடவிட்டு அதே வயரை மாட்டிப் பாருங்கள். இரைச்சல் போய்விட்டால், கம்பியூட்டரும் அம்பிளிபயரும் வேறு வேறு பொயின்டில் எர்த் ஆகி, ஓடியோ வயரின் உறை வழியாக ஒரு வட்டம் பூட்டிக்கொண்டது என்று அர்த்தம். மெயின் கரண்டின் 50 ஹேர்ட்ஸ் அதில் ஏறிக் காதில் விழுகிறது. முதலில் இரண்டையும் ஒரே பொயின்டிலிருந்து எடுத்துப் பாருங்கள். அது வசதிப்படாவிட்டால் ஓடியோ வயரின் நடுவே ஐசொலேற்றர் ஒன்று போடலாம், சின்ன டிரான்ஸ்போமர் உள்ள பெட்டி. இரண்டிலும் ஒப்டிகல் துளை இருந்தால் இன்னும் நல்லது. வெளிச்சத்தில் சத்தம் போகும், கரண்ட் தொடர்பே இல்லை.

எர்த் பின்னைக் கழற்றினால் இரைச்சல் நிற்கும் என்று எவராவது சொல்வார்கள். நிற்கும், உண்மைதான். தயவுசெய்து செய்யாதீர்கள் தம்பி, அந்த அறையில் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: கம்பியூட்டர் பெட்டியின் பின்பக்க ஆணியில் கை பட்டால் சுள்ளென்கிறது. செருப்புப் போட்டிருந்தால் ஒன்றுமில்லை. ஆபத்தா?
– வாசகி, திருக்கோவில்

பதில்: எர்த் இல்லை மகள். கம்பியூட்டரின் பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிக்க இரண்டு சின்னக் கொண்டென்சர்கள் உண்டு. அவை கசியவிடும் கரண்ட் எர்த் வழியாகப் போகவேண்டும். வழி இல்லாவிட்டால் பெட்டி முழுவதும் ஏறத்தாழ 115 வோல்டில் நிற்கும். கரண்ட் மிகச் சிறிது என்பதால் இப்போது சுள்ளென்பதோடு போகிறது. நாளைக்கு உள்ளே உண்மையாகவே ஒரு வயர் உரசினால் அதே பெட்டியில் 230 வோல்ட் நிற்கும், நீங்கள் வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நிற்பீர்கள்.

எங்கே அறுந்திருக்கிறது என்று தேடவேண்டும். முதலில் பிளக்கைப் பாருங்கள். இரண்டு பின் பிளக்கை, மேல் துளையில் பேனா நுனியைக் குத்தித் திறந்து செருகுகிற பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அப்படிச் செருகினால் எர்த் கிடையாது, சொக்கெட்டின் மூடியும் பழுதாகும். பிளக் சரியென்றால் எலக்ரிசியனைக் கூப்பிட்டு, மெயினை நிறுத்திவிட்டுச் சொக்கெட்டின் பின்பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். பச்சை–மஞ்சள் வயர் பூட்டாமல் சும்மா மடித்து விடப்பட்டிருக்கலாம்.

கடைசியாக வெளியே உள்ள எர்த் கம்பி. நமது கரையோர மணலில் இதுதான் அதிகம் கவனம் கேட்கிற இடம். உப்புக்காற்றில் கிளிப் துருப்பிடித்துவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேல்மணல் பொடியாகக் காய்ந்து, மூன்று நான்கு அடிக் கம்பி ஒன்றுக்கும் உதவாமல் போகும். ஈர மணலை எட்டும்வரை ஆழமாக இறக்கவேண்டும், பித்தளைக் கிளிப் போட்டுக் கிறீஸ் பூசவேண்டும், எர்த் மீற்றரால் அளந்து பார்க்கவேண்டும். தண்ணீர்க் குழாயில் எர்த்தைக் கட்டுவது பழைய இரும்புக் குழாய்க் காலத்துப் பழக்கம், இப்போது எல்லாம் பி.வி.சி. மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அமத்துங்கள். விழாவிட்டால் மாற்றுங்கள். எர்த் சரியாகும்வரை அந்தக் கம்பியூட்டரைப் போடவேண்டாம்.

கேள்வி: லேசர் பிரின்டரையும் யூ.பி.எஸ்.இல் மாட்டலாமா?
– வாசகர், ஏறாவூர்

பதில்: வேண்டாம். அதன் சூடாக்கும் உருளை ஒவ்வொரு முறையும் பெரிய கரண்டை இழுக்கும், வீட்டு யூ.பி.எஸ். தாங்காது. நேரே சுவர் பொயின்டில் போடுங்கள். யூ.பி.எஸ்.இல் கம்பியூட்டர், மொனிட்டர், ரவுட்டர் மட்டும். பைபர் பெட்டி தனியாக இருந்தால் அதையும் சேருங்கள், இல்லாவிட்டால் கரண்ட் போனதும் ரவுட்டரின் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், இன்டர்நெட் வராது.