வாசகர் கேள்வி–பதில்: ஏற்பதும் கண்டிப்பதும்

கேள்வி: காவேரிப்பட்டணத்துக்கு அருகே ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பி.எட். படித்தபோது, மனிதநேய உளவியலில் 'நிபந்தனையற்ற ஏற்பு' பற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். மாங்காய்ப் பருவத்தில் கூலிக்குப் போய்விட்டு, கேட்டால் காய்ச்சல் என்று பொய் சொல்லும் மாணவனையும் அப்படியே ஏற்க வேண்டுமென்றால் வகுப்பில் ஒழுங்கு எப்படி நிற்கும்?
— ஆசிரியை, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: 'ஏற்பு' என்ற சொல்லுக்கு நம் வழக்கில் 'சரியென்று ஒப்புக்கொள்வது' என்ற பொருளும் உண்டு, குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. செயல் எதுவாயினும் அதைச் செய்தவர் மதிப்புக்கு உரியவர் என்ற எண்ணத்தைக் கைவிடாதிருப்பதையே மனிதநேய உளவியலின் முன்னோடிகளில் ஒருவரான அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் (1902–1987) அச்சொல்லால் குறித்தார். எதிரில் இருப்பவரின் நிலையில் நின்று உணரும் ஒத்துணர்வையும், உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாத உண்மைத்தன்மையையும் 1957-இல் வெளிவந்த கட்டுரையில் அதனோடு சேர்த்துச் சொன்னார். கடைசியாகச் சொன்ன உண்மைத்தன்மையைத்தான் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். மாணவன் பொய் சொல்வது உங்களுக்கு வருத்தம் தருகிறது என்றால், அதை மறைத்துக்கொண்டு சிரித்த முகம் காட்டுவது ரோஜர்ஸின் வழி ஆகாது. "நீ சொன்னது உண்மையில்லை என்று தெரிந்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது, வேலைக்குப் போகும்படி வீட்டில் என்ன கஷ்டம், சொல்லப்பா" என்று தனியே அழைத்துக் கேளுங்கள். விடுபட்ட பாடத்தை அவன் எழுதி முடிக்கத்தான் வேண்டும். 'உருப்படாதவன்' என்ற சொல் மட்டும் உங்கள் வாயிலிருந்து வர வேண்டாம்.

அடிமனத்தின் மோதல்களை ஆராய்ந்த உளப்பகுப்பாய்வும், பரிசையும் தண்டனையையும் கொண்டு நடத்தையை விளக்கிய நடத்தைவாதமும் கோலோச்சிய காலத்தில், மனிதர் தம் வாழ்வைத் தாமே எப்படி உணர்கிறார் என்று கேட்டதால்தான் மனிதநேய உளவியல் 'மூன்றாவது அணி' எனப் பெயர் பெற்றது. ரோஜர்ஸ் தம் இளமை நினைவு ஒன்றை எழுதியிருக்கிறார். வீட்டின் நிலவறையில் குளிர்காலத்துக்காகச் சேமித்த உருளைக்கிழங்குகள், எட்டாத உயரத்துச் சன்னலின் மங்கலான ஒளியை நாடி வெளிறிய முளைகளை நீட்டிக்கொண்டிருந்தனவாம். குறையுள்ள சூழலிலும் உயிர் வளரவே முயலும் என்ற அவருடைய நம்பிக்கைக்கு அந்தக் காட்சி அடையாளமாயிற்று. 'மதிப்பெண் எடுத்தால்தான் நீ என் பிள்ளை' என்பது போன்ற நிபந்தனைகளோடு அன்பு வரும்போது, குழந்தை தன் உண்மையான உணர்வுகளை மறைத்துக்கொண்டு, பிறர் விரும்பும் ஓர் உருவத்தைப் பேணத் தொடங்குகிறது என்றும் அவர் விளக்கினார். பொதுத்தேர்வு மதிப்பெண்ணுக்காகவே பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளில் சேர்க்கும் நம் பகுதிப் பெற்றோர் இந்த ஒன்றையாவது அறிந்திருக்க வேண்டும் என்று நான் உளமார விரும்புகிறேன்.

கேள்வி: ஓசூர் தொழிற்சாலையில் எங்களுக்கு நடந்த பயிற்சியில் மாஸ்லோவின் தேவைக் கோபுரத்தைக் காட்டினார்கள். வயிறு நிறைந்த பிறகுதான் உயர்ந்த எண்ணம் வருமா?
— தொழிலாளர், ஓசூர்

பதில்: மனிதநேய உளவியலின் மற்றொரு முன்னோடியான ஆபிரகாம் மாஸ்லோ, உணவு, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, தன்னை முழுமையாக நிறைவேற்றிக்கொள்வது என மனிதத் தேவைகள் படிப்படியாக எழுகின்றன என்ற கோட்பாட்டை 1943-இல் எழுதியபோது கோபுரம் எதையும் வரையவில்லை, அந்தப் படம் பின்னால் வந்தது. அந்த வரிசை எல்லோருக்கும் மாறாதது என்றும் அவர் கூறவில்லை. தருமபுரியிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய், தாம் அரை வயிறு உண்டு மகளின் கல்லூரிக் கட்டணத்தைச் சேர்க்கும் தாயை எந்தப் படியில் வைப்பது? இந்த அணுகுமுறையின் குறையும் இங்கே தெரிகிறது. தம்மை முழுமையாக நிறைவேற்றிக்கொண்டவர்கள் என்று மாஸ்லோ ஆராய்ந்தோரில் பலர் அவரே தேர்ந்தெடுத்த புகழ்பெற்ற மேலைநாட்டவர். தனிமனித நிறைவை உச்சத்தில் வைக்கும் அந்த அளவுகோலில் குடும்பத்துக்காக வாழ்வதன் நிறைவு சரியாக அடங்குவதில்லை. நிறைவை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்வியும் எஞ்சி நிற்கிறது. ஆயினும் இந்த அணியினர் ஆய்வுக்கு அஞ்சினார்கள் என்று சொல்வது தவறு. ஒருவருக்கு அளித்த சிகிச்சையின் உரையாடல் முழுவதையும் ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, எவரும் குறைகாணும்படி 1942-லேயே அச்சில் வைத்தவர் ரோஜர்ஸ்.

கேள்வி: என் அண்ணன் மகனுக்கு 20 வயது. இரண்டு மாதமாக இரவில் உறங்குவதில்லை. யாரோ தன்னைத் திட்டும் குரல் கேட்கிறது என்கிறான். அன்பாகப் பேசிக்கொண்டே இருந்தால் சரியாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?
— வாசகி, அரூர்

பதில்: அன்பாகப் பேசுங்கள், அம்மா, ஆனால் அதை மட்டும் நம்பி நாள் கடத்தாதீர்கள். மனச்சிதைவு நோயால் மருத்துவமனையில் இருந்தவர்களிடம் ரோஜர்ஸும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஏற்பும் ஒத்துணர்வும் கொண்ட இந்த முறையைக் கையாண்டபோது, எதிர்பார்த்த அளவு பலன் கிட்டவில்லை. உங்கள் பிள்ளைக்கு என்ன நோய் என்பதை மருத்துவர் நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும், மருந்து தேவைப்படலாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். அதற்குள் பேச வேண்டுமென்றால் அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். தன்னையோ பிறரையோ துன்புறுத்தும்படி அந்தக் குரல் சொல்வதாக அவன் கூறினால், ஒரு நாளும் காத்திராமல் உடனே அழைத்துச் செல்லுங்கள். "அப்படி ஒரு குரலே இல்லை" என்று வாதிட வேண்டாம், "அது கேட்கும்போது உனக்குப் பயமாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். உறக்கம் எப்போது குறைந்தது, சாப்பாடு எப்படி, ஏதேனும் போதைப் பழக்கம் உண்டா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கையில் எடுத்துச் சென்றால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.