அத்தையின் முகமும் உச்சி வெயிலும்

அன்புள்ள சார்,

காசிமேட்டில் மீன் விற்கும் என் அத்தையை வைத்து ஒரு குறும்படம் எடுத்தேன். மதியம், வெள்ளைச் சுவரும் ஐஸ் பெட்டிகளும் பின்னால் இருக்க எடுத்தது. திரையில் அத்தை முகம் கரியாகத் தெரிகிறது. டிஐ-யில், அதாவது கம்ப்யூட்டரில் நிறம் திருத்தும்போது, கொஞ்சம் வெளுக்கலாம் என்கிறான் ஒரு நண்பன். அசிங்கம்தான் வடசென்னையின் அழகு, அப்படியே விடு என்கிறான் இன்னொருவன். எது சரி? அழகியல் பற்றி என்ன படிக்கலாம்?

க., ராயபுரம்

அன்புள்ள க.,

புத்தகங்களைப் பிறகு பார்க்கலாம். நண்பர்கள் இருவர் சொன்னதும் தப்பு. அசிங்கம்தான் அழகு என்பவன், உங்கள் அத்தையை அசிங்கம் என்று முதலிலேயே முடிவுகட்டிவிட்டான். நீங்களும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம் அதில்தான்.

கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயம் இது. வடசென்னை என்றால் படத்தில் பழுப்பு நிறம், கதையில் முதல் வரியிலேயே சாக்கடை நாற்றம். அங்கே குடியிருப்பவர் காலையில் எழுந்து அதையா நினைக்கிறார்? தண்ணி லாரி வந்ததா என்று பார்க்கிறார்.

முகம் ஏன் கருகியது? கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் 18 சதவீத ஒளியைத் திருப்பும் நடுச் சாம்பல் என்றே கணக்குப் போடும். வெள்ளைச் சுவரும் தெர்மாகோல் பெட்டியும் ஃப்ரேமை அடைத்துக்கொண்டால் எக்ஸ்போஷரை, அதாவது பதிவாகும் ஒளியின் அளவை, அது குறைத்துவிடும். சுவர் சாம்பலாகும், முகம் இருட்டுக்குள் போகும். உச்சி வெயிலில் கண்களும் குழியாகிவிடும். அந்த இருட்டை டிஐ-யில் வெளிச்சமாக ஏற்றினால் புள்ளிபுள்ளியாக நாய்ஸ் வரும், தோலின் சிவப்பு செத்து வெளிறிப்போகும். ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறம் சரிபார்க்க அனுப்பிய ஷெர்லி கார்டில் இருந்தது வெள்ளைக்காரப் பெண். அவள் தோல்தான் அளவு. சாக்லேட், மரச்சாமான் கம்பெனிகள் பழுப்பு சரியாக வரவில்லை என்று புகார் செய்ததும் ஃபிலிம் திருந்த ஒரு காரணம். கருத்த மனிதர்கள் சொன்னபோது யாருக்கும் காது கேட்கவில்லை.

கருத்த தோலுக்கு வடிவம் தருவது அதன்மேல் பட்டுத் திரும்பும் பளபளப்பு. எழும்பூர் மியூசியத்தில் வெண்கலச் சிலைகளைச் சுற்றி வந்து பாருங்கள். நீங்கள் நகர நகர, தோளிலும் இடுப்பிலும் ஓர் ஒளிக்கோடு கூடவே நகரும். வளைவு தெரிவதே அந்தக் கோட்டால்தான்.

காசிமேட்டில் சூரியன் கடலிலிருந்து கிளம்புகிறது. ஏழரைக்குள் எடுங்கள். வெயில் ஒரு கன்னத்தில் விழும்படி அத்தையை உட்கார வையுங்கள். மறுபக்கம் மூன்றடி தள்ளி, நாலடி தெர்மாகோலைச் சாய்த்துப் பிடிக்க ஒரு பையன் போதும். சின்ன எல்இடி-யை நேராக அடித்தால் நெற்றி வேர்வையில் வெள்ளைத் திட்டு விழும். அதை மறைக்கப் பவுடர் போட்டால் பளபளப்பும் சேர்ந்து போய்விடும். இரண்டும் வேண்டாம். ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரைக் கன்னத்தில் வைத்து, வரும் அளவிலிருந்து ஒரு ஸ்டாப் குறையுங்கள் (ஒளி பாதியாகும்), கருப்பு கருப்பாகவே நிற்கும். இரண்டு குறைத்தால் பழைய கதைதான். வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸ், பகல் வெளிச்சத்துக்கான 5600 கெல்வின், ஆட்டோ கூடாது. பின்னால் சுவருக்குப் பதில் நிழலில் நிற்கும் படகு இருக்கட்டும்.

முழுப்படத்தையும் திரும்ப எடுக்க வேண்டாம், முகம் வரும் ஷாட்டுகள் போதும். ஏலத்தில் எடுத்த மீனை அத்தை கடையில் பரப்பி முடிக்கட்டும், பிறகு அரைமணி நேரம் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்றைக்குத்தான் அவருக்கு வியாபாரம்.