ஒரே கையெழுத்து, இரண்டு முத்திரை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஈரோடு மாவட்டத்தில் 15 வார்டு கொண்ட ஒரு பேரூராட்சியில் வசிக்கிறேன். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை போட்ட தீர்மானங்களின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினேன். எதை எடுத்தாலும் கேட்டவரும் பேரூராட்சியை நடத்தும் அதிகாரியான செயல் அலுவலரே, அனுமதித்தவரும் அவரே. பிளீச்சிங் பவுடர் மட்டும் 25 கிலோ மூட்டை 80 வாங்கியிருக்கிறார்கள். டெண்டர் கிடையாது. தெருவோரம் வெள்ளைக் கோடு போட்டதைத் தவிர எனக்கு எதுவும் நினைவில் இல்லை. இதை ஊழல் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

இன்னொரு விஷயம். 2021 மே மாதம் என் பெரியப்பா கொரோனா உறுதியாகி வீட்டுத் தனிமையில் இருந்தபோது இறந்தார். பேரூராட்சி தந்த இறப்புச் சான்றிதழில் காரணமே போடவில்லை. எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டத்தான் இப்படி என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தக் கையெழுத்து. தமிழகப் பேரூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்றுதான். இடையில் ஐந்து வருடத்துக்கு மேல் தலைவரும் இல்லை, உறுப்பினரும் இல்லை. மன்றத்தின் அதிகாரம் முழுவதும் அதற்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலரிடம் இருந்தது. பேரூராட்சிகளில் அந்தத் தனி அலுவலர் வேறு யாருமில்லை, செயல் அலுவலரேதான்.

உங்களிடம் இருக்கும் நகலில் ஏதாவது ஒரு பக்கத்தை எடுத்துப் பாருங்கள். மேலே ‘பொருள்’. அதன் கீழே ‘அலுவலகக் குறிப்பு’: இன்ன பொருள் அவசரமாக வாங்கப்பட்டது, இவ்வளவு செலவு, மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது. இதைச் செயல் அலுவலராக எழுதுகிறார். அடுத்த வரி ‘தீர்மானம்: அனுமதிக்கப்பட்டது’. இதைத் தனி அலுவலராக எழுதுகிறார். பேனா ஒன்று, முத்திரை இரண்டு. அந்த நாளில் அதுதான் சட்டம். மன்றம் இருந்திருந்தால் 15 பேரில் ஒருவராவது “எதுக்குய்யா 80 மூட்டை?” என்று கேட்டிருப்பார். தன் பங்குக்காகக் கேட்டிருந்தாலும் கேள்வி கேள்விதான், அது பதிவேட்டில் ஏறியிருக்கும். அந்தக் கேள்வி விழாமல் போனதுதான் ஊருக்கு நஷ்டம். ஆனால் கேள்வி விழவில்லை என்பதை வைத்துத் திருட்டு நடந்தது என்று சொல்லிவிட முடியாது.

(பக்கத்து ஊராட்சிகளின் கதை இதற்கு நேர் எதிர். உங்கள் மாவட்டம் உட்பட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பர் கடைசியில் ஊரகத் தேர்தல் நடந்து தலைவர்கள் வந்துவிட்டார்கள். ஆனால் 2020 அக்டோபர் 2 கிராம சபை கடைசி நேரத்தில் ரத்தானது, 2021 ஜனவரி 26 சபையும் நடக்கவில்லை. அங்கே ஆள் இருந்தார், சபை இல்லை.)

டெண்டர் விடாததையும் குற்றமாக எடுத்துக்கொள்ள முடியாது. 1998ஆம் வருட டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசு அறிவித்த பேரிடர், அவசர நிலைக் கொள்முதலுக்கு விலக்கு தருகிறது. விலக்கு டெண்டருக்கு மட்டும்தான். சரக்கு வந்ததற்கும் செலவானதற்கும் கணக்கு எழுத வேண்டியது அப்படியே இருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டிய இடமும் அதுதான்.

80 மூட்டைக்கு வருவோம். மொத்தம் 2,000 கிலோ. கேட்டதும் மலைப்பாகத்தான் இருக்கும், கணக்குப் போட்டால் மலைப்பு குறையும். கிருமிநாசினியாகத் தெளிக்கச் சொன்னது 1 சதவீதக் கரைசல். 33 சதவீதம் குளோரின் உள்ள நல்ல பவுடராக இருந்தால் லிட்டருக்கு 30 கிராம் போட வேண்டும். முதுகில் மாட்டும் 16 லிட்டர் தெளிப்பான் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட அரைக் கிலோ. டிராக்டரில் வைத்த 1,000 லிட்டர் டேங்கென்றால் 30 கிலோ, அதாவது ஒரு மூட்டை போதாது.

குடிநீருக்கும் இதே பவுடர்தான் போகிறது. 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்பது மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். உங்கள் ஊர்த் தொட்டிகளின் கொள்ளளவு எனக்குத் தெரியாது. சேர்த்து 3 லட்சம் லிட்டர், நாளைக்கு இரண்டு முறை ஏற்றுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் தினம் 2.4 கிலோ. ஏப்ரல், மே, ஜூன் 91 நாளுக்கு 218 கிலோ, ஏறத்தாழ 9 மூட்டை. மீதி 71 மூட்டையை 91 நாளுக்குப் பகிர்ந்தால் நாளுக்கு 19.5 கிலோ, 650 லிட்டர் கரைசல். நான்கு பேர் ஆளுக்குப் பத்துத் தடவை தெளிப்பானை நிரப்பினால் தீர்ந்துவிடும் அளவு இது. பேருந்து நிலையம், பொதுக் கழிப்பிடம், ரேஷன் கடை, ஏடிஎம், தொற்று வந்த வீடு இருக்கும் தெரு என்று தினமும் அடித்திருந்தால் 80 மூட்டை அதிகமில்லை. அடித்தார்களா என்பதுதான் கேள்வி.

அதற்கு மூன்று பதிவேடு போதும். முதலாவது இருப்புப் பதிவேடு. மூட்டை என்றைக்கு வந்தது, என்றைக்கு யாரிடம் எத்தனை வழங்கப்பட்டது, மீதி எவ்வளவு என்று தேதிவாரியாக இருக்க வேண்டும். ‘கொரோனா பணிக்கு வழங்கப்பட்டது – 80’ என்று ஒரே வரியில் முடிந்திருந்தால் அங்கே நின்று கேளுங்கள். இரண்டாவது டிராக்டரின் ஓட்டப் பதிவேடு. தெளிப்புக்கு வண்டி போனதாக எழுதிய நாளில் கிலோமீட்டரும் டீசலும் ஏறியிருக்க வேண்டும். ஒரு நடைக்கு எத்தனை மூட்டை கரைத்தார்கள் என்று இருப்புப் பதிவேட்டோடு ஒப்பிடலாம். 2,000 லிட்டருக்கு ஒரு மூட்டை என்று வந்தால் கரைசல் 0.4 சதவீதம்தான், பாதிகூட இல்லை. மூன்றாவது, தினக்கூலியாகச் சேர்த்த தூய்மைப் பணியாளர்களின் மஸ்டர் ரோல், அதாவது வருகைப் பதிவேடு. மூன்றும் ஒன்றுக்கொன்று பேசினால் வேலை நடந்திருக்கிறது. மூன்றையும் ஒரே நாளில் உட்கார்ந்து ஒரே மையில் எழுதியிருந்தால் அதுவும் நேரில் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதனால் நகல் கேட்காமல், பதிவேடுகளை நேரில் பார்வையிட வேண்டும் என்று மனுவில் எழுதுங்கள். பார்வையிடுவதும் தகவல் உரிமைச் சட்டத்தின் 2(j) பிரிவு தரும் உரிமைதான்.

பில் தேதியையும் பாருங்கள். 80 மூட்டையும் ஏப்ரலில் ஒரே பில்லில் வந்திருந்தால் எனக்கு வேறு ஒரு சந்தேகம் வரும். பிளீச்சிங் பவுடர் சிமெண்டு மாதிரி அடுக்கி வைக்கிற சரக்கு இல்லை. கோடை வெயிலில், தகரக் கொட்டகையில், வாய் திறந்த மூட்டையிலிருந்து குளோரின் போய்க்கொண்டே இருக்கும். கட்டி தட்டியிருந்தால், மூக்கில் ஏறும் நெடி குறைந்திருந்தால் சத்து போய்விட்டது என்று அர்த்தம். ஜூனில் அதே 30 கிராமைப் போட்டிருந்தாலும் பாதி வேலைகூடச் செய்திருக்காது. பதினைந்து நாளுக்கொரு முறை வாங்கியிருந்தால் அந்தச் செயல் அலுவலர் விவரமானவர்.

கரைப்பதிலும் பிசகு நடக்கும். பவுடரை நேரே டேங்கில் கொட்டினால் அடியில் சுண்ணாம்பு வண்டலாக இறங்கி நாசில் அடைத்துக்கொள்ளும். தெளிக்கிறவர் அடைப்பு எடுக்கச் சலித்துப்போய் அடுத்த முறை பவுடரைக் குறைப்பார். பிளாஸ்டிக் வாளியில் குழம்பாகக் கரைத்து, அரைமணி நேரம் தெளியவிட்டு, மேல்நீரைத் துணியில் வடிகட்டி ஊற்றுவதுதான் முறை. அன்றன்றைக்குக் கரைத்ததை அன்றே தீர்க்க வேண்டும். கழிப்பிடம் கழுவும் ஆசிட்டோடு மட்டும் சேரவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

நீங்கள் சொன்ன வெள்ளைக் கோடு பெரும்பாலும் சுண்ணாம்பு. பிளீச்சிங் பவுடர் கொஞ்சம் கலந்திருப்பார்கள். காய்ந்த மண்ணில் காய்ந்த பவுடர் எந்தக் கிருமியையும் கொல்லாது, தண்ணீர் பட்டால்தான் குளோரின் வேலை செய்யும். தெருவில் கரைசல் அடித்ததிலும் பெரிய பயன் இல்லை. குப்பையும் மண்ணும் குளோரினைக் குடித்துவிடும். 2020 மே மாதமே உலக சுகாதார நிறுவனம் தெருக்களில் தெளிப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லிவிட்டது. மனிதர்கள் மேல் தெளிக்கக் கூடாது என்று ஏப்ரல் 18 அன்றே மத்திய சுகாதார அமைச்சகம் சொன்னது. அதற்குள் பல ஊர்களில் கிருமிநாசினிச் சுரங்கம் முளைத்துவிட்டது. இதில் அதிகாரிகளை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த தெருவில் அடித்துவிட்டு நம் தெருவில் அடிக்காவிட்டால் சண்டைக்குப் போனவர்கள் நாம்தான்.

கபசுரக் குடிநீர்ச் செலவு இருந்தால் அதையும் இப்படியே பார்க்கலாம். ஆளுக்கு 5 கிராம் சூரணம், 240 மில்லி தண்ணீர், நான்கில் ஒன்றாக வற்றி 60 மில்லி. ஆயிரம் பேருக்கு 5 கிலோ சூரணமும் 240 லிட்டர் தண்ணீரும் வேண்டும். 180 லிட்டரை ஆவியாக்க விறகோ கேஸோ செலவாகியிருக்கும். விறகுச் சீட்டு இல்லாமல் சூரணச் சீட்டு மட்டும் இருந்தால் ஊருக்குக் கிடைத்தது கஷாயமா, வெந்நீரா என்று கேட்கலாம்.

நீங்கள் கேட்காமல் விட்ட பக்கம் ஒன்று உண்டு, என் கணக்கில் பெரிய பணம் அங்கேதான். செலவை விட்டு வரவைப் பாருங்கள். வாரச்சந்தைச் சுங்கம், பேருந்து நிலைய நுழைவுக் கட்டணம், கட்டணக் கழிப்பிடம் இவையெல்லாம் ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு வருடக் குத்தகை. ஊரடங்குக்கு முன்பே ஏலம் முடிந்த ஊர்களில் தொகை வழக்கமான வருடத்தின் மதிப்பில் நின்றது. பிறகு சந்தை கூடவில்லை. பேருந்து மார்ச் கடைசியில் நின்று, ஜூன் 1 அன்று பாதியாக ஓடி, ஜூலையில் மறுபடி நின்று, செப்டம்பரில்தான் ஒழுங்காகத் தொடங்கியது. குத்தகைதாரர் தள்ளுபடி கேட்டது நியாயம். ஆனால் தள்ளுபடி தந்த நாட்களும் உண்மையில் மூடிக்கிடந்த நாட்களும் ஒன்றா என்று பாருங்கள். பல ஊர்களில் காய்கறிக் கடைகளைப் பேருந்து நிலையத்துக்கோ பள்ளி மைதானத்துக்கோ மாற்றினார்கள். உங்கள் ஊரிலும் மாற்றியிருந்தால், அங்கே கூடை வைத்தவர்களிடம் யாராவது சுங்கம் வாங்கினார்களா, ரசீது கொடுத்தார்களா என்று அந்த வியாபாரிகளிடமே கேளுங்கள். அந்தப் பணம் எந்தப் பதிவேட்டில் ஏறியது என்பது 80 மூட்டையைவிடச் சுவாரசியமான கேள்வி. சொத்து வரி கட்ட அரசு 2020 ஜூன் 30 வரை அவகாசம் கொடுத்தது. அவகாசம் முடிந்த பிறகும் யார் யார் பெயர் நிலுவையில் நிற்கிறது என்பதைக் கேட்பு வசூல் நிலுவைப் பதிவேடு காட்டும். 2020-21 வருடத்துக்கான உள்ளாட்சி நிதித் தணிக்கை அறிக்கையையும், அதில் எழுப்பிய ஆட்சேபங்களான தணிக்கைத் தடைகளோடு சேர்த்துக் கேளுங்கள். தணிக்கையாளர் உங்களுக்கு முன்பே இதில் பாதியைக் கேட்டிருப்பார்.

கடைசியாக உங்கள் பெரியப்பா விஷயம். ஊரில் பேசுவது தவறு. 1969ஆம் வருடப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பொதுமக்களுக்குத் தரும் இறப்புச் சான்றில் மரணக் காரணத்தை வெளியிடக் கூடாது என்கிறது. மாரடைப்பானாலும் கொரோனாவானாலும் அந்தத் தாளில் காரணத்துக்கு இடமே கிடையாது. காரணம் இருப்பது மருத்துவர் தரும் படிவத்தில். மருத்துவமனையில் இறந்தால் படிவம் 4, வீட்டில் இறந்தால் 4ஏ. எண்ணிக்கையில் குளறுபடி நடந்திருந்தால் அதைத் தேட வேண்டிய இடம் அந்தப் படிவம்.

கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கான 50,000 ரூபாய் நிவாரணத்துக்கு அந்தப் படிவமும் ஓர் ஆதாரம். பரிசோதனையில் தொற்று உறுதியாகி 30 நாளுக்குள் இறந்திருந்தால், வீட்டில் இறந்திருந்தாலும் கொரோனா மரணமாக ஏற்க வேண்டும். 2022 மார்ச் 20க்கு முன் இறந்தவர்களுக்கு விண்ணப்பிக்க மார்ச் 24 முதல் 60 நாள் என்று உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது. உங்கள் பெரியம்மா அதற்குள் விண்ணப்பிக்காமல் விட்டிருந்தால், தாமதத்துக்கு உண்மையான காரணத்தைச் சொல்லி மாவட்டக் குறைதீர்ப்புக் குழுவிடம் மனுக் கொடுக்க அதே உத்தரவில் வழி இருக்கிறது. பரிசோதனை முடிவு வந்த குறுஞ்செய்தி பழைய போனில் கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள். எண்ணை மாற்றியிருந்தால், மாதிரி கொடுத்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரும் தேதியும் சொல்லி எழுத்துமூலம் கேளுங்கள்.