கன்டீனில கவுப்பி கேட்டா ஏன் சிரிக்கினம்?

கேள்வி: அக்கா, என்ர மகள் நாலாம் ஆண்டு படிக்கிறா. கன்டீனில எப்ப பாத்தாலும் ரோல்ஸ், பற்றிஸ், பணிஸ்தான். எங்கட நாட்டில விளையிற கவுப்பிப் பயறு மாதிரியானதுகளை பிள்ளையளுக்கு குடுத்தா என்ன எண்டு பேரன்ட்ஸ் மீட்டிங்கில கேட்டன், "கொழும்பில தோட்டத்துக்கு எங்க போறது" எண்டு சிரிச்சிட்டினம். நான் கேட்டது பிழையா?
- ஒரு அம்மா, வெள்ளவத்தை

பதில்: பிழையே இல்லை தங்கச்சி. சிரிச்ச ஆக்கள் பின்னேரம் வெள்ளவத்தை மார்க்கெட்டிலதானே மரக்கறி வாங்குறவை, அது என்ன கடற்கரை மண்ணிலயா முளைச்சது? கரட்டும் லீக்ஸும் நுவரெலியாப் பக்கத்தால வருது, உளுந்து வவுனியாவில விளையுது, வல்லாரை பொன்னாங்காணியெல்லாம் கெஸ்பேவ பிலியந்தலைப் பக்கத்தில இருந்தே வருது, அது எங்களுக்கு ஒரு பஸ் தூரம். உள்ளூர் எண்டா பள்ளிக்கூட மதிலுக்கு உள்ளுக்கு விளைஞ்சது எண்டு அர்த்தமில்லை.

ரோல்ஸுக்கு போடுற கோதுமை மா கப்பல்ல வாற கோதுமையில அரைச்சது. நாங்கள் நாளாந்தம் சாப்பிடுற மைசூர்ப் பருப்பும் அப்பிடித்தான், கனடா அவுஸ்திரேலியா எண்டு எங்கையோ விளையுது. 2022 இல டொலர் இல்லாம நாடு முழிச்ச நேரம் பாண் விலை என்ன பாடுபட்டது எண்டு உங்களுக்கே தெரியும்.

ஆனா நீங்கள் கேட்ட இடம் கொஞ்சம் பிழை எண்டு நினைக்கிறன், முதல்ல மீட்டிங்கில கேக்காம கன்டீன் நடத்துறவரிட்டப் போய் கதைச்சிருக்கோணும். அவருக்கு பயம் ஒண்டுதான், அவிச்சது விக்காம மிஞ்சிப்போகும் எண்டு. ரோல்ஸ் எண்டா பின்னேரம் வரைக்கும் கிடக்கும், அவிச்ச கவுப்பி இந்த வெக்கைக்கு மத்தியானமே புளிச்சுப் போயிரும். அதால நீங்கள் ஒரு இருவது அம்மாமார் சேர்ந்து "செவ்வாய்க்கிழமை எங்கட பிள்ளையளுக்கு கவுப்பி, தேங்காய்ப்பூ, கொஞ்சம் கட்டைச்சம்பல், முப்பது பங்கு நிச்சயம்" எண்டு முதலே கணக்குச் சொல்லிக் குடுங்கோ, ஒரே ஒரு நாள் போதும், முழு மெனுவையும் மாத்தப் போனா அந்த மனுசன் ஓடிருவார்.

பிரேசிலில இதை சட்டமாவே போட்டு வச்சிருக்கினம். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கு மத்திய அரசாங்கம் குடுக்கிற காசில குறைஞ்சது 30 வீதத்துக்கு சின்ன விவசாயக் குடும்பங்களிட்ட வாங்கோணும் எண்டு 2009 இல கொண்டுவந்தது. விவசாயிக்கு அங்க கிடைச்சதும் இதே நிச்சயம்தான், இவ்வளவு விக்கும் எண்டு தெரிஞ்சா அவன் துணிஞ்சு விதைப்பான்.

கேள்வி: நான் ரீச்சர். எங்கட வகுப்பு மூண்டாம் மாடியில, கீழ முழுக்க சீமெந்து. தோட்டம் போடச் சொல்லி சொல்லுகினம், எப்பிடி?
- ஆசிரியை, கொட்டாஞ்சேனை

பதில்: ஒரு அரிசிச் சாக்கு, கொஞ்சம் மண், ஒரு பிடி பயறு, வெயில் படுற ஒரு மூலை. முதல்ல கொஞ்சப் பயறை ஊறவச்சு ஈரத்துணியில கட்டி வையுங்கோ, ரெண்டு மூண்டு நாளில முளைக்கும், தேங்காய்ப்பூ போட்டு வகுப்பிலயே சாப்பிடலாம். மிச்சத்தை சாக்கில ஊண்டினா 60, 65 நாளில காய் முத்தும், அதாவது ஒரு தவணைக்குள்ளயே விதைச்சு ஆய்ஞ்சு முடிச்சிரலாம். ஒரு சாக்கில ஒரு கைப்பிடிதான் வரும், அதுவே நல்லது, ஒரு கிலோவுக்கு எத்தினை சாக்கு வேணும் எண்டு பிள்ளையளையே கணக்குப் பாக்க விடுங்கோ, அதுக்குப் பிறகு தட்டில மிச்சம் வைக்கிறது கொஞ்சம் குறையும்.

கண்காட்சிக்கு முதல் நாள் நேர்சரியில கண்டு வாங்கி வச்சு போட்டோ எடுத்துட்டு பிறகு வாட விடுற "தோட்டம்" மட்டும் வேண்டாம் ரீச்சர், நான் கனக்கப் பாத்துட்டன்.

இன்னொண்டு, கங்குன் கீரை லேசா வளரும் எண்டு கால்வாய்க் கரையில பிடுங்கின தண்டை கொண்டுவந்து நட விடாதேங்கோ. கொழும்புக் கால்வாயில என்னவெல்லாம் ஓடுது எண்டு உங்களுக்குத் தெரியாததா.

கேள்வி: மகன் பலாக்காய்க் கறியைக் கண்டாலே முகத்தைச் சுழிக்கிறான். "ஏழையள் சாப்பாடு" எண்டு பள்ளிக்கூடத்தில யாரோ சொன்னதாம்.
- அப்பா ஒருத்தர், தெஹிவளை

பதில்: சிங்கள ஆக்கள் பலா மரத்தை "பத் கஸ", சோத்து மரம் எண்டு சொல்லுறவை. பாணந்துறையில ஆதர் வீ. டயஸ் எண்டு ஒரு பணக்காரர் இருந்தவர், சனம் பட்டினி கிடக்கக் கூடாது எண்டு ஊர் ஊரா பலா நட வச்சு "கொஸ் மாமா", அதாவது பலாக்காய் மாமா எண்டே பேர் வாங்கினவர். இந்தக் கதையை மகனுக்குச் சொல்லுங்கோ. அப்பவும் சாப்பிடாட்டி கறியை விட்டுட்டு பலாக்கொட்டையை சுட்டு உப்புப் போட்டு ஸ்னாக் பொக்ஸில வச்சு விடுங்கோ, கூட்டாளிமாருக்கும் சேர்த்து கொஞ்சம் கூடவே வையுங்கோ.